ஊரில் படம் போட்டுப் பேசப் போகிறீர்களா? எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

பெண்கள் மீதான வன்முறை பற்றி ஒரு குறும்படத்தைப் போட்டு, முடிந்ததும் பாயில் சுற்றி இருந்து கதைக்கிற வேலையை நாங்கள் ஐந்தாறு பேர் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் சில வருடமாகச் செய்து வருகிறோம். மாதர் சங்கத் தலைவி, விளையாட்டுக் கழகப் பொடியன்கள், ஒரு தடவை கோயில் நிருவாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் கூட, போன் எடுக்கிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

படம் பார்த்தா அடிக்கிறவன் திருந்திருவானா?

இல்லை. அப்படித் திருந்தின ஒருத்தரையும் நான் கண்டதில்லை. பதினைந்து வருடமாகக் கை நீட்டிப் பழகின மனிசன் இருபது நிமிசப் படத்தில் கண் கலங்கி மாறிவிடுவான் என்று நம்பி வேலையைத் தொடங்கினால் இரண்டாவது ஊரிலேயே மனம் விட்டுப்போகும்.

நாங்கள் படம் போடுவது அவனைச் சுற்றி இருக்கிற ஆட்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரி, மாமி, கடைக்கார அண்ணன், கிராம சேவகர். அதுவரை "அது அவங்கட குடும்ப விசயம்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள், படத்தில் சத்தம் கேட்டதும் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிற அயலவளைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு "அப்ப அவ என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் மிச்சத்தை அவர்களே கதைப்பார்கள்.

அதுக்கு ஏன் படம்? ஒரு கருத்தரங்கு வச்சாப் போதாதா?

கருத்தரங்கில் ஒருவர் பேசுவார், நாற்பது பேர் கேட்பார்கள், பிளேன்டீயும் ரோல்ஸும் வந்ததும் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். அதோடு "உங்கட வீட்டில பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் ஊரில் யாரும் ஓம் சொல்லப் போவதில்லை. படத்தில் வருகிறவளைப் பற்றி என்றால் யாரும் கதைக்கலாம். "இவள் ஏன்கா தாய்ட வீட்டுக்குப் போகல்ல?" என்று ஒருத்தி தொடங்குவாள், "போனா மறுகா தங்கச்சிக்காரிக்குக் கலியாணம் நடக்குமா?" என்று இன்னொருத்தி சொல்வாள். அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று பாயில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், ஆனால் எல்லாருக்கும் அது படத்தில் வருகிறவளின் கதை.

கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் இது. களரியைச் சுற்றி இருந்து ராசாவையும் மந்திரியையும் விடியவிடியக் குறை சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதற்கென்று தனிப் பயிற்சி தேவைப்படாது.

எங்கட ஊர்ல அப்படியெல்லாம் ஒண்டும் நடக்கிறல்லையே, பிறகு என்னத்துக்கு இது?

இதைச் சொல்கிறவர் அநேகமாக ஆணாக இருப்பார். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுக்கச் செய்த ஆய்வில், திருமணம் செய்த அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது கணவரிடம் அல்லது துணைவரிடம் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். அது முழு நாட்டுக்கான கணக்கு. ஆனால் நாற்பது பெண்கள் பாயில் இருக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு எட்டு என்ற எண் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

என்ன படம் போடலாம்? சினிமாப் படமே போடலாமா?

பத்திலிருந்து இருபத்தைந்து நிமிசம். அதற்கு மேல் போனால் கதைக்க நேரம் இருக்காது, பஸ்ஸைப் பிடிக்க எழும்புவார்கள். எங்கட பேச்சு வழக்கில் எடுத்த படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இந்தியத் தமிழ்ப் படமும் வேலை செய்யும். தூரத்து ஊர்க் கதை என்றால் வாய் இன்னும் கொஞ்சம் இலேசாகத் திறக்கும். அடியையும் பலாத்காரத்தையும் அப்படியே காட்டுகிற படத்தை எடுக்காதீர்கள். கதவு மூடுகிறது, சத்தம் வருகிறது, அதுவே தாராளம். கடைசியில் பொலிஸ் ஜீப் வந்து எல்லாம் சரியாகிற படமும் வேண்டாம், அதற்குப் பிறகு கதைக்க ஒன்றும் மிஞ்சாது.

சினிமாவில் ஒரு துண்டு மட்டும் போடுவது எனக்குப் பிடித்த முறை. கதாநாயகன் கதாநாயகியின் கன்னத்தில் அறைகிறான், அடுத்த காட்சியில் அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள், பாட்டு வருகிறது. இந்த மாதிரிக் காட்சி தேடிக் கஷ்டப்படத் தேவையில்லை, அள்ள அள்ள வரும். மூன்று நிமிசம் போட்டு, பாட்டுத் தொடங்குகிற இடத்தில் நிற்பாட்டி, "இவள் இப்ப ஏன் சிரிக்கிறாள்?" என்று கேளுங்கள். தியேட்டரில் கைதட்டின பொடியன்களே தலையைச் சொறிவார்கள்.

ஒரு தடவை போட்ட குறும்படத்தில் புருசன் சோத்துக் கோப்பையைச் சுவரில் எறிகிறான். நிற்பாட்டினோம். "கறிக்கு உப்புக் கூடியிருக்கும்" என்று ஒருவர், "பசியோட வந்திருப்பான்" என்று இன்னொருவர். மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மம்மா "உப்புக் கூடினதால எறிஞ்சானா, எறியிறதுக்காக உப்பைத் தேடினானா?" என்று கேட்டா. அன்றைக்கு மிச்சப் படத்தைப் போடவே இல்லை.

யூடியூப்பில் இருக்கிறது என்பதற்காக அப்படியே எடுத்துக் கூட்டத்தில் போடாமல் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படைப்பின் உரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவருடையது. நாங்கள் கேட்ட குறும்படக்காரர்கள் எல்லாரும் சந்தோசமாகத்தான் தந்தார்கள், இரண்டு பேர் தாங்களே வந்தும் இருந்தார்கள்.

புறொஜெக்டர், ஸ்கிரீன் எல்லாம் எங்க போறது?

பள்ளிக்கூடத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டுப் பாருங்கள், கடிதம் ஒன்று கொடுத்தால் கிடைக்கலாம். ஸ்கிரீனுக்கு வெள்ளைப் பெட்சீட். முப்பது பேருக்குக் குறைவென்றால் பெரிய டிவி ஒன்றும் பென்டிரைவும் போதும். காசு மிஞ்சினால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள், படம் மங்கலாக இருந்தாலும் சனம் பார்க்கும், சத்தம் கேட்காவிட்டால் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடும்.

எந்த நேரத்தில, எங்க வைக்கிறது?

நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் சர்வதேச தினம். அதிலிருந்து மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10 வரை பதினாறு நாள் நிகழ்ச்சி வைக்கச் சொல்லி எல்லாத் திசையிலிருந்தும் கடிதம் வரும். கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்களுக்கு அது வசதி. எங்களுக்கு அதுதான் வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற காலம், வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பாதி ஊருக்குப் போகவே முடியாது. அந்த நாட்களில் வைத்தே ஆகவேண்டும் என்றால் மண்டபத்துக்குள் வையுங்கள். வெளியில் போட ஆசை என்றால் வெயில் காலம், அப்போதும் கச்சான் காத்து அடித்தால் பெட்சீட் பாய்மரம் மாதிரிப் புடைக்கும், கீழ் ஓரத்தில் கல் கட்டி விடுங்கள். அறுவடை நேரத்திலும் கோயில் சடங்கு நாட்களிலும் போய் ஏமாறாதீர்கள்.

இரவில்தான் படம் தெளிவாகத் தெரியும், ஆனால் இருட்டினால் பெண்கள் வரமாட்டார்கள், வெல்லாவெளிப் பக்கம் போனால் யானை வேறு. அதனால் நாங்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் பலநோக்கு மண்டபத்தில் வைக்கிறோம். யன்னலுக்குச் சீலையும் சாரமும் கட்டி மறைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வேலை. யார் வீட்டுச் சீலை எந்த யன்னலுக்கு என்று சண்டை பிடித்துச் சிரித்துக்கொண்டு கட்டுகிற அந்த அரை மணித்தியாலத்தில், பிறகு வட்டத்தில் வாய் திறக்கப் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆம்பிளைகளையும் கூப்பிடணுமா?

கூப்பிட வேண்டும், ஆனால் முதல் தடவை சேர்த்து வைக்காதீர்கள். புருசன் பின் வரிசையில் இருந்தால் மனைவி படத்தைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பா. முதலில் பெண்கள் தனியாக, பிறகு ஆண்கள் தனியாக, மூன்றாவது தடவை பெண்களே சரி என்று சொன்னால் மட்டும் சேர்த்து.

ஆண்களிடம் "நீங்க அடிப்பீங்களா?" என்ற திசையில் போகாதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு விறைத்துப் போவார்கள். பார்த்துக்கொண்டு நின்றவனைப் பற்றிக் கேளுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா பாரதக் கதையோடு பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்பில் முடிகிறது. அந்தப் பக்கத்து ஊரில் ஒரு தடவை "சபையில சீலையை உரியேக்க எத்தனை பேர் இருந்தாங்க, வாய் திறந்தது எத்தனை பேர்?" என்று கேட்டோம். வீட்டுமர் (பீஷ்மர்) ஏன் பேசவில்லை, துரோணர் ஏன் பேசவில்லை என்று முக்கால் மணித்தியாலம் வாதாடினார்கள். மறுகா ஒரு பொடியன், கல்முனை பஸ்ஸில் ஒருத்தன் ஒரு பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு நின்றதைத் தானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன் என்று தானாகவே சொன்னான். பஸ்ஸில் நடக்கிற அந்தச் சேட்டை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், ஐந்து வருடம் வரை சிறைக்குப் போகலாம். அங்கே இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

படம் முடிஞ்சதும் ஒருத்தரும் வாய் திறக்கல்ல எண்டா?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு நிமிசம் அமைதி வந்தால் நடத்துகிறவருக்குத்தான் பயம், உடனே மைக்கைப் பிடித்துச் சட்டம் சொல்லத் தொடங்கிவிடுவார். மைக்கை முதலில் தூரத்தில் வையுங்கள். கதிரைகளைத் தள்ளிவிட்டு எல்லாரும், வந்திருக்கிற உத்தியோகத்தர் உட்பட, பாயில் இருக்க வேண்டும்.

"இந்தப் படத்தில இருந்து என்ன படிச்சீங்க?" என்று கேட்காதீர்கள், பள்ளிக்கூடப் பதில்தான் வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளை ஏன் கட்டிலுக்குக் கீழே போனது? மாமி கதவடியில் எவ்வளவு நேரம் நின்றா? அதுவும் சரிவராவிட்டால் படத்தைப் பாதியில் விட்டு "இனி என்ன நடக்கும்?" என்று பக்கத்தில் இருக்கிறவரோடு இரண்டிரண்டு பேராகக் கதைக்கச் சொல்லுங்கள்.

ஒரு அக்கா அந்த இடத்திலேயே தன்ட கதையைச் சொல்லி அழத் தொடங்கினா என்ன செய்ற?

முழுக் கதையையும் கூட்டத்தின் முன்னால் சொல்ல விடாதீர்கள். கேட்க எங்களுக்கு மனம் உருகும், ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு முன்னால் அந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விடும், அதோடு வாழப் போகிறது அவ. ஒருவர் மெல்ல எழும்பி, தண்ணி தருகிற மாதிரி அவவைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். அது யார் என்று படம் போட முன்னமே தீர்மானித்திருக்க வேண்டும். அநேகமானவர்கள் அழவும் மாட்டார்கள், எல்லாரும் போன பிறகு பாய் சுருட்ட உதவி செய்கிற சாட்டில் நிற்பார்கள். அதனால் உடனே சாமானைக் கட்டிக்கொண்டு வான் வண்டியில் ஏறாதீர்கள்.

எங்கே அனுப்புவது என்று தெரியாமல் படம் போடவே போடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, உயிருக்கு ஆபத்தென்றால் 119. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, காயத்துக்கு மருந்து கட்டப் போகிற சாட்டிலேயே அங்கே போய்க் கதைக்கலாம், வீட்டில் வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாக இந்த வேலையில் இருக்கின்றன. இலக்கங்களைத் துண்டுப் பிரசுரமாக அடித்துக் கொடுக்காதீர்கள், வீட்டில் கண்டால் அதற்கே அடி விழும். போனில் "தையல் அக்கா" என்று சேமிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் உண்மையில என்ன செய்யும்?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பாதிக்கப்பட்டவர் தானாகவோ அவருக்காகப் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். அவசரம் என்று நீதவானுக்குப் பட்டால் இடைக்காலக் கட்டளை தந்து, பதினான்கு நாளுக்குள் விசாரணைக்குத் திகதி போடுவார். முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லும், பிறகு நீட்டலாம். அடிக்கிறவர் வீட்டுக்குள் வரக்கூடாது, வேலை இடத்துக்குப் போகக்கூடாது என்றெல்லாம் அதில் போடலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

இது விவாகரத்து வழக்கும் இல்லை, அவரை மறியலில் போடுகிற வழக்கும் இல்லை. "குடும்பம் உடையாம அடி மட்டும் நிக்கணும்" என்று சொல்கிற பெண்கள்தான் எங்களிடம் அதிகமாக வருகிறார்கள், அவர்களுக்கு இதை விளங்கப்படுத்தினால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

பொலிசுக்குப் போனா சமாதானமாப் போங்க எண்டு அனுப்பிவிடுறாங்களே?

நடக்கிறது. நாங்கள் கூடப் போன ஒரு இடத்தில் கண் வீங்கின பெண்ணிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றுதான் முதல் வார்த்தை வந்தது. நான் சொல்லக் கூடியது மூன்று விசயம். தனியாகப் போகாதீர்கள். சிறுவர், மகளிர் பிரிவு எங்கே என்று கேட்டு அங்கே போங்கள். முறைப்பாட்டைப் பதிவு செய்யாமல், அதன் இலக்கத்தை எழுதி வாங்காமல் எழும்பாதீர்கள், எதில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் பொலிஸைத் தாண்டி நேரே நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைட பேர்லதானே, சீதனமாக் குடுத்தது. பிறகு ஏன் அவ அடி வாங்கிக்கொண்டு இருக்கா?

இந்தக் கேள்வியைக் கொழும்பில் கேட்கமாட்டார்கள், இது எங்கட கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், தாய் தகப்பன் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு இருப்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு, இவ எழும்பி "வெளியே போ" என்று சொல்லலாமே என்று தோன்றும்.

உறுதியில் பேர் இருப்பதும் கதவை மூடுகிற தைரியமும் வேறு வேறு. அந்த வீட்டைக் கட்டத் தகப்பன் வயலை ஈடு வைத்திருப்பார், அண்ணன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பியிருப்பான், பின்னால் இரண்டு தங்கச்சிமாருக்கு இன்னும் வீடு கட்டவேண்டும். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் முழுக் குடும்பமும் வாங்கின கடன் கண் முன்னால் நிற்கும். சத்தம் பக்கத்து வளவில் இருக்கிற தாய்க்குக் கேட்கும், தாய்க்குக் கேட்கும் என்பதாலேயே மகள் வாயைப் பொத்திக்கொள்வாள். இதை எங்களுக்குச் சொன்னது அப்படி ஒரு தாய்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில் பல, "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்துக்குள் ஆணின் பேரைப் போட்டு அவருக்கே போய்ச் சேர்ந்தன. சீதன வளவை இழந்த பெண் புது வீட்டில் புருசனின் பேரில் குடியிருக்க வேண்டி வந்தது. ஆகவே படத்துக்குப் பிறகு வீட்டு உறுதி யார் பேரில் என்ற கதை வந்தால் அதை வெட்டாதீர்கள். நாங்கள் வைத்த கூட்டங்களில் ஆக நீளமாக ஓடினது அந்தக் கதைதான். பேர் யாருடையதாக இருந்தாலும், குடியிருக்கிற வீட்டுக்குள் அடிக்கிறவரை வரவிடாமல் நீதிமன்றம் தடுக்கலாம்.

குடிதானே எல்லாத்துக்கும் காரணம்? கசிப்பை ஒழிச்சாச் சரிதானே?

கசிப்பை ஒழியுங்கள், சந்தோசம். ஆனால் குடித்துவிட்டு வருகிறவர் வழியில் பொலிஸ்காரரை அடிப்பதில்லை, கடைக்கார முதலாளியை அடிப்பதில்லை, வீடு வரைக்கும் பத்திரமாக வந்து மனைவியைத்தான் அடிக்கிறார். இதைக் கூட்டத்தில் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நிற்கும். ஒரு சொட்டும் குடிக்காமல் அடிக்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

எங்கட முஸ்லிம் ஊர். படம் எண்டாலே பள்ளியில கதை வரும், எப்படிச் செய்ற?

சினிமா என்ற சொல்லை முதலில் விடுங்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் நிதானமான ஒருவருக்குப் படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டுங்கள், பாட்டும் இசையும் குறைந்த படமாக எடுங்கள். அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடையில், பின்னேரத்தில், ஒரு ராத்தாவின் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர், பெண்கள் மட்டும். நாங்கள் செய்ததில் இந்த வீட்டுக் கூட்டங்கள்தான் பேச்சுக்கு ஆகச் சிறந்தவை, தமிழ் ஊர்களிலும் பிறகு இப்படியே செய்யத் தொடங்கினோம்.

முஸ்லிம்களின் விவாகம், விவாகரத்து விசயங்கள் அதற்கென்று இருக்கிற காதி நீதிமன்றத்துக்குப் போவதால், அடிக்கும் அங்கேதான் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொது, முஸ்லிம் பெண்ணும் நீதவான் நீதிமன்றத்துக்கே போகலாம்.

ஆம்பிளைகளுக்கும் வீட்டில அடி விழுகுதே, அதுக்குப் படம் இல்லையா?

விழுகிறது. மேலே சொன்ன சட்டத்தில் ஆண், பெண் பேதம் இல்லை, அடி வாங்குகிற ஆணும் மகனிடம் அடி வாங்குகிற தகப்பனும் விண்ணப்பிக்கலாம். இதை நான் சொன்னதும் கேட்டவர் அநேகமாக அடுத்த கேள்வி கேட்கமாட்டார். அதற்காகக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள், நூறில் ஒருவர் உண்மையாகவே தனக்காகக் கேட்கலாம்.

கலியாணம் முடிச்ச பிறகு புருசன் செய்றது எப்படிப் பலாத்காரம் ஆகும்?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, நீதிமன்றக் கட்டளையோடு பிரிந்து வாழ்கிற மனைவி விசயத்தில் மட்டுமே அதைக் குற்றமாக ஏற்றது. ஒரே வீட்டில் வாழ்கிறவளுக்கு அந்தப் பிரிவு இல்லை. கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டால் மழுப்பாமல் இப்படியே சொல்லுங்கள். அதோடு, அந்த நேரத்தில் அடி, காயம், மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டு நாங்கள் கேட்கிற கேள்வி, "அவளுக்கு வேணாம் எண்டு அவனுக்குத் தெரியுமா?" பெண்கள் கூட்டத்தில் இதற்கு வருகிற பதில்களை இங்கே எழுத மாட்டேன். வீட்டுக் கூட்டத்தில் மட்டும், இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் மட்டும் இதை எடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் வந்து முன்னுக்கே இருக்குதுகளே?

இருக்கும். துரத்தினால் யன்னலால் பார்க்கும். பக்கத்து அறையில் கார்ட்டூன் ஒன்றைப் போட்டு ஒருவரைக் காவலுக்கு வையுங்கள், அந்த ஆளையும் திட்டத்தில் சேருங்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால் "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 1929க்கு அறிவிக்க வேண்டி வரும், பிறகு அந்தப் பிள்ளை உங்களை நம்பாது.

போட்டோவும் வரவுப் பதிவும் அனுப்பச் சொல்றாங்க, குடுக்கலாமா?

காசு தருகிறவர்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவேண்டும், சரி. எண்ணிச் சொல்லுங்கள். பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று தாள் சுற்றினால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். போட்டோ வேண்டுமென்றால் படம் ஓடும்போது பின்னால் இருந்து, தலைகள் மட்டும் தெரிய எடுங்கள். கதைக்கத் தொடங்கியதும் எல்லாப் போனும் ஒரு கூடைக்குள், எங்களுடையதும்தான். ஒரு தடவை இதை மறந்து, பத்து விநாடி வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் போய், அந்தப் பெண்ணின் மைத்துனன் எங்கள் வாசலுக்கு வந்தான். அதற்குப் பிறகு கூடையை மறந்ததில்லை.

படம் போட்ட அண்டைக்கு ராவே ஒரு வீட்டில அடி விழுந்துது. நாங்கதான் காரணமா?

எங்களுக்கும் நடந்தது. படம் பார்த்த ஒரு அக்கா வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் "அந்தப் படத்தில வாறவன் உங்களைப் போலதான்" என்று சொல்லியிருக்கிறா. அடித்தது அவன், அதில் சந்தேகமில்லை, ஆனால் நாங்கள் அவவை ஆயத்தமில்லாமல் அனுப்பினோம் என்பதும் உண்மை. ஒரு மாதம் ஒரு ஊருக்கும் போகவில்லை.

இப்போது கலைகிறதுக்கு முன்னால் பத்து நிமிசம் இதற்கென்றே வைக்கிறோம். வீட்டில் போய்ப் படத்தை அவரோடு ஒப்பிட்டுக் கதைக்க வேண்டாம். இரவில் ஓடவேண்டி வந்தால் யார் வீட்டுக்கு என்று இப்பவே நினைத்து வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பஸ்ஸுக்குக் காசு, இதெல்லாம் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

அன்றைக்கு இரவு சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி டோர்ச்சோடு போனது பக்கத்து வீட்டு மாமி, போகிற வழியில் இன்னும் இரண்டு பேரைத் தட்டி எழுப்பிக்கொண்டு. படம் பார்க்கும்போது பின் வரிசையில் இருந்து ஒரு வார்த்தையும் பேசாதவ. அடுத்த கிழமை நாங்கள் போனபோது அவவின் அடுப்படித் தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து காட்டினா. உள்ளே மற்ற வீட்டுக்காரியின் அடையாள அட்டையும் மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும்.